79 கார்வெட்டின் வலது கண்

மார்ச் 9, சனிக்கிழமை, மாலை ஆறே முக்கால். கராஜ் கதவை முழுக்கத் தூக்கிவிட்டு வண்டிக்கு முன்னால் நின்றேன். மகள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து விளக்குச் சுவிட்சை இழுத்தாள். உஸ்ஸென்று ஒரு மூச்சுச் சத்தம். இடது விளக்கும் வலது விளக்கும் ஒன்றாக எழுந்து நின்று, எதிர்ச் சுவரில் இரண்டு வட்ட வெளிச்சம் விழுந்தது. "அப்பா, ரெண்டும் வந்துருச்சா?" என்று உள்ளிருந்து கேட்டாள். வந்துவிட்டது. ஐந்து வார இறுதிகளாக இதற்காகத்தான் குளிரில் தரையில் படுத்துக்கிடந்தேன்.

வண்டி 1979ஆம் வருடத்து ஷெவர்லே கார்வெட், அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. எல்48 என்று அழைக்கப்படும் 350 கன அங்குல வி8 இஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். கென்டக்கியில், லூயிவில் பக்கம் இருக்கிறோம். போன வருடம் அக்டோபரில் 11,500 டாலருக்கு வாங்கினேன். இஞ்சின் நன்றாக இருந்தது, அடிச்சட்டத்தில் துரு குறைவு. ஒரே குறை முகப்பு விளக்கு. அது மூக்குக்குள் ஒளிந்திருந்து, சுவிட்சை இழுத்தால் மேலே எழுந்து வரும் வகை. சுவிட்சை இழுத்தால் இடது விளக்கு மூன்று நொடி யோசித்துவிட்டு எழும். வலது விளக்கு பாதி எழுந்து அப்படியே நிற்கும். கையால் தூக்கிவிட்டால்தான் முழுசாக வரும். ராத்திரி ஓட்ட முடியாத வண்டி.

இந்த விளக்கு எப்படி எழுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. இதில் மோட்டார் கிடையாது. இஞ்சின் காற்றை உறிஞ்சும்போது இன்டேக் பகுதியில் உண்டாகும் வேக்யூம், அதாவது வெற்றிட இழுப்புதான் விளக்கைத் தூக்குகிறது. அங்கிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் புறப்பட்டு, ஒருவழி வால்வைத் தாண்டி, வேக்யூமைச் சேமித்துவைக்கும் ஒரு தொட்டிக்குப் போகிறது. தொட்டியிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ரிலே, ஒரு ஆக்சுவேட்டர். ரிலே என்பது சுவிட்சின் கட்டளைப்படி வேக்யூமைத் திருப்பிவிடும் வால்வு. ஆக்சுவேட்டர் என்பது நடுவில் ரப்பர் டயாஃப்ரம், அதாவது வளைந்துகொடுக்கும் சவ்வு வைத்த ஒரு வட்டமான தகர டப்பா. ரிலே ஒரு பக்கம் வேக்யூம் கொடுத்தால் டயாஃப்ரத்தோடு சேர்ந்த தண்டு நகர்ந்து விளக்கைத் தூக்கும், மறுபக்கம் கொடுத்தால் இறக்கும். டாஷ்போர்டில் உள்ள விளக்குச் சுவிட்சுக்குப் பின்னாலும் மின்கம்பியோடு வேக்யூம் ஹோஸ் வருகிறது. முழு ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது இஞ்சினில் வேக்யூம் விழுந்துவிடும். அந்த நேரத்தில் விளக்கு தொய்ந்துவிடாமல் இருக்கத்தான் தொட்டியும் ஒருவழி வால்வும்.

ஜனவரி 13 அன்று வேலையை ஆரம்பித்தேன். முதல் நாளே தப்பு செய்தேன். வலது விளக்கு எழவில்லையா, அப்படியானால் வலது ஆக்சுவேட்டர் போய்விட்டது என்று எதையும் அளந்து பார்க்காமல் முடிவு கட்டிவிட்டேன். தண்டு வெளியே வரும் இடத்தில் உள்ள ரப்பர் சீல் கிழிந்துபோவது இந்த வண்டிகளில் சகஜம் என்று எங்கோ படித்தது மனதில் இருந்தது. 92 டாலருக்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். பழையதைக் கழற்றவே மூன்று மணி நேரம் ஆனது. தண்டின் முனையில் ஒரு பின், அதற்குக் குறுக்கே, அது நழுவாமல் பிடிக்கும் ஒரு காட்டர் பின். 45 வருடத் துருவில் காட்டர் பின் தலை ஒடிந்து கையோடு வந்துவிட்டது. மிச்சத்தைக் கூர்மூக்குக் குறடால் கொஞ்சம் கொஞ்சமாக நிமிண்டி எடுத்தேன். உள்ளே கை நுழையும் இடைவெளி நாலு விரல் அகலம்கூட இல்லை.

புதியதை மாட்டி இஞ்சினை ஓடவிட்டுச் சுவிட்சை இழுத்தேன். வலது விளக்கு பாதி எழுந்து அதே இடத்தில் நின்றது.

பக்கத்து வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர், 1966 கார்வெட் வைத்திருக்கிறார். சத்தம் கேட்டு வந்தவர், பழைய ஆக்சுவேட்டரைச் சோதித்துப் பார்த்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் கராஜுக்குப் போய் ஒரு பிடி கோல்ஃப் குச்சிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பந்தை உட்காரவைக்கத் தரையில் குத்துவார்களே, அந்த மரக்குச்சி. கூம்பு வடிவில் இருப்பதால் எந்த அளவு ஹோஸிலும் கச்சிதமாக அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கிளையாக அடைத்துக்கொண்டே போனால் எது ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. மறுநாள் நானும் ஒரு பை வாங்கினேன், 4 டாலர். கூடவே மீட்டர் வைத்த கை வேக்யூம் பம்ப் ஒன்று, 46 டாலர்.

பம்ப் வந்த பிறகு முதலில் பழைய ஆக்சுவேட்டரை மேசையில் வைத்துச் சோதித்தேன். இரண்டு முனைகளிலும் தனித்தனியாக 15 அங்குலம் இழுத்துவிட்டு ஒரு நிமிடம் பார்த்தேன். அங்குலம் என்று நான் சொல்வது பாதரச அளவு. முள் அசையவே இல்லை. நல்ல சாமானைக் கழற்றி எறிய இருந்திருக்கிறேன். அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, டப்பாவில் உபரியாக வைத்திருக்கிறேன்.

ஜனவரி 20. இஞ்சின் சூடேறி நிதானமாக ஓடும்போது இன்டேக்கில் 17 அங்குலம் காட்டியது. இந்த இஞ்சினுக்கு அது நல்ல அளவு. அதாவது ஊற்று சரியாக இருக்கிறது, வாய்க்காலில்தான் ஓட்டை. தொட்டிக்குப் போகும் ஹோஸில் டி வடிவ இணைப்பு வைத்து மீட்டரை மாட்டினேன். இஞ்சினை அணைத்த உடனே 17 இருந்த முள் நாலு நொடியில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் காற்று தாராளமாகப் போனது. பேருக்குத்தான் ஒருவழி. புதிய வால்வு 9 டாலர். அதை மாட்டியதும் இடது விளக்கு சுறுசுறுப்பாகிவிட்டது. வலது விளக்கு பாதியிலிருந்து முக்காலுக்கு வந்து நின்றது. 9 டாலர் வால்வு செய்ததை 92 டாலர் ஆக்சுவேட்டர் செய்யவில்லை.

அடுத்து ஹோஸ். எல்லா ஹோஸ்களும் 1979இல் போட்டவை என்றே நினைக்கிறேன். நடுப்பகுதி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முனைகளில் ரப்பர் கல்லாகி, கீறல் விழுந்து, இணைப்பில் சும்மா தொத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை என்று மெல்லிய வண்ணக் கோடு இருக்கும், எது எங்கே போகிறது என்று அடையாளம் தெரிய. பழையதில் அந்தக் கோடுகள் மங்கி எல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டன. கோடு போட்டு, சரியான நீளத்தில் வெட்டிய முழுத் தொகுப்பாகக் கடையில் கிடைக்கிறது. 68 டாலர் கொடுத்து வாங்கினேன்.

பிப்ரவரி 3 அன்று இரண்டாவது தப்பு. ஆர்வத்தில் பழைய ஹோஸ்களை மொத்தமாக உருவிப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு முனையிலும் காகித டேப் ஒட்டி எண் எழுதலாம் என்று மகள் காலையிலேயே சொன்னாள். வண்ணக் கோடு இருக்கிறதே, பார்த்து மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். மாட்டி முடித்துச் சுவிட்சை இழுத்தால் இடது விளக்கு எழுகிறது, வலது விளக்கு இறங்குகிறது. சுவிட்சை உள்ளே தள்ளினால் வலது எழுகிறது, இடது மூடுகிறது. வலது ஆக்சுவேட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸும் இடம் மாறியிருந்தன. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம். கடைசியில் கைகொடுத்தது, நான் கழற்றுவதற்கு முன்பு மகள் தன் ஃபோனில் எடுத்து வைத்திருந்த ஆறு படங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேக்யூம் இருக்கும்போது அந்த விளக்குக் கூடு மூடுகிற வேகம் சாதாரணமானதல்ல. உள்ளே கை வைத்திருக்கும்போது யாராவது சுவிட்சைத் தொட்டால் விரல் நசுங்கும். தடிமனான மரத்துண்டு ஒன்றை அண்டக்கொடுத்துவிட்டுத்தான் கையை உள்ளே விடுங்கள். பழுது பார்க்கும்போது விளக்கைத் தூக்கி நிறுத்த ஸ்டீயரிங் தண்டுக்குக் கீழே ஒரு தனி சுவிட்சும் உண்டு. விளக்கை எரியவிடாமல் கூட்டை மட்டும் தூக்கும்.

ஹோஸ் மாற்றியும் வலது விளக்கு முழுசாக வரவில்லை. ரிலே மேல் சந்தேகம் வந்தது. ஆனால் இந்த முறை சோதிக்காமல் வாங்குவதில்லை என்று உறுதியாக இருந்தேன். சுவிட்சிலிருந்து கட்டளை வந்து சேரும் சின்ன முனையில் பம்பை வைத்து 15 இழுத்தேன். இடது ரிலேயில் முள் நின்றது. வலது ரிலேயில் இருபது நொடியில் பூஜ்யம். கிடைத்துவிட்டது. 38 டாலருக்குச் சொல்லிவிட்டேன், வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த இடைவெளியில், பிப்ரவரி 10 சனிக்கிழமை, மகளைக் கூட்டிக்கொண்டு பௌலிங் கிரீன் போனேன். ஐ-65 நெடுஞ்சாலையில் தெற்கே இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டம். போகும் வழியில் நேர மண்டலம் மாறுவதால் ஒரு மணி நேரம் மிச்சமாகிறது. 1981இலிருந்து கார்வெட் அங்கேதான் தயாராகிறது. தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே தேசிய கார்வெட் அருங்காட்சியகம். நான் போனது ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்க. ஒவ்வொரு தலைமுறையும் விளக்கை என்ன செய்தது?

முதல் தலைமுறை ஒளிக்கவே இல்லை. 1953 ஜனவரியில் நியூயார்க் வால்டோர்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் மாதிரி வண்டியைக் காட்டினார்கள். வடிவமைப்புத் துறைத் தலைவர் ஹார்லி ஏர்லின் எண்ணம் அது. அந்த ஜூன் கடைசியில் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் தயாரிப்பு ஆரம்பம். அந்த வருடம் 300 வண்டிகள்தான், எல்லாம் வெள்ளை, உள்ளே சிவப்பு. பக்கத்துக்கு ஒரு வட்ட விளக்கு, அதன் மேல் கல் படாமல் கம்பி வலை. வெளியே கதவுக் கைப்பிடி கிடையாது. ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன், இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். பார்க்க ஸ்போர்ட்ஸ் கார், ஓட்ட அப்படி இல்லை. 1955இல் வந்த வி8 இஞ்சினும், சோரா ஆர்க்கஸ் டன்டோவ் என்ற பொறியாளரின் பிடிவாதமும்தான் அந்த வண்டியைக் காப்பாற்றின. 1958இல் விளக்கு நான்காகியது. அப்போதும் திறந்த விளக்குதான்.

1963இல் இரண்டாம் தலைமுறை, ஸ்டிங் ரே. மூக்கு கத்தி மாதிரி கூர்மையானது. அமெரிக்காவில் அப்போது விதிப்படி வட்ட வடிவ சீல்டு பீம் விளக்குதான், அதாவது கண்ணாடியும் பல்பும் ஒரே துண்டாக மூடிய விளக்குதான் வைக்க வேண்டும். அந்தக் கூர் மூக்கில் நான்கு வட்டங்களை எங்கே வைப்பது? ஒளித்துவிட்டார்கள். 1942 டிசோட்டோவுக்குப் பிறகு ஒளியும் விளக்கோடு வந்த முதல் அமெரிக்க வண்டி அது. பக்கத்து வீட்டுக்காரரின் 66 வண்டியில் அதை அருகில் பார்த்திருக்கிறேன். மின்மோட்டார், விளக்குக் கூடு அப்படியே உருண்டு திரும்பும். மூடும்போது மூக்கில் எங்கே மடிப்பு என்று தேட வேண்டியிருக்கும். 1965இலிருந்து நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வந்ததும் இந்தத் தலைமுறையில்தான்.

1968இல் மூன்றாவது, என் வண்டியின் தலைமுறை. மோட்டாரை எடுத்துவிட்டு வேக்யூம் வைத்தார்கள். உருளுவது போய், மேலே எழும் விளக்கு வந்தது. அதோடு நிற்கவில்லை. முதல் ஐந்து வருடம் வைப்பரைக்கூட ஒரு மூடிக்குள் ஒளித்து, அதையும் வேக்யூமால் தூக்கினார்கள். 1973இல் அந்த மூடியை விட்டுவிட்டார்கள். என் ஹோஸ்களோடு மல்லாடிய பிறகு, அது இல்லாத வருடத்து வண்டி கிடைத்ததற்கு நன்றியோடு இருக்கிறேன்.

இந்தத் தலைமுறை 1982 வரை நீண்டது. நடுவில் நாட்டில் எல்லாம் மாறியது. மோதல் விதிக்காக 1973இல் முன் பம்பரும் 1974இல் பின் பம்பரும் குரோமிலிருந்து வண்டி நிறத்து ரப்பர் மாதிரியான மூடியாயின. 1975இல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது, அடிப்படை இஞ்சினின் திறன் 165 குதிரைத்திறனுக்கு விழுந்தது. என் 79இல் 195. 1955இன் முதல் வி8 வண்டியிலும் 195 என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பழைய கணக்கு இஞ்சினை மட்டும் தனியே வைத்து அளந்தது. 1972இலிருந்து சைலன்சர், ஆல்டர்னேட்டர் எல்லாம் மாட்டி, வண்டியில் இருக்கிறபடியே அளந்தார்கள். 79ஐ சக்தி குறைந்த கார்வெட் என்று சொல்கிறவர்களிடம் நான் இதைச் சொல்வேன், இன்னொன்றும் சொல்வேன். அந்த வருடம் 53,807 வண்டிகள் தயாராயின. கார்வெட்டின் சரித்திரத்தில் ஒரே வருடத்தில் அவ்வளவு செய்தது வேறெப்போதும் இல்லை. வேகத்துக்காக மட்டும் அந்த வண்டியை யாரும் வாங்கவில்லை. அந்தச் சக்கர வளைவுகளையும் நீண்ட மூக்கையும் ஒருமுறை மாலை வெயிலில் பார்த்தால் போதும்.

அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது 1983 வண்டிக்கு முன்னால். அந்த வருடம் கார்வெட் விற்கவே இல்லை. நான்காம் தலைமுறை தயாராகத் தாமதமானதால் 84 என்ற பெயரில் வெளிவந்தது. 83க்காகச் செய்த சோதனை வண்டிகளில் இந்த ஒன்றுதான் மிச்சம். அதில் வேக்யூம் இல்லை. மோட்டார் திரும்பி வந்துவிட்டது, விளக்கு மறுபடியும் உருள்கிறது. 1997இன் ஐந்தாம் தலைமுறையில் மோட்டார் இருந்தது, ஆனால் விளக்கு மறுபடியும் மேலே எழுந்தது. உருளும், எழும், உருளும், எழும். நாலு தலைமுறையும் மாறி மாறிச் செய்திருக்கின்றன. மோட்டார் வைத்தவையும் நோயில்லாதவை அல்ல. நான்காம் தலைமுறையில் மோட்டாருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் பொடியாகிவிடும். ஐந்தாம் தலைமுறையில் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து, மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

2005இன் ஆறாம் தலைமுறையோடு கதை முடிந்தது. வட்ட விளக்கு விதி எப்போதோ தளர்ந்து, கண்ணாடிக்குள் சின்ன லென்ஸ் வைக்கும் வசதி வந்துவிட்டது. ஒளிக்க வேண்டிய தேவை போய்விட்டது. 1962க்குப் பிறகு முதல் முறையாகக் கார்வெட்டின் கண் திறந்தபடியே இருந்தது. 2014இல் ஏழாவது, 2020இல் இஞ்சினையே இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோன எட்டாவது. இஞ்சினைப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டன்டோவ் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் 1996இலேயே போய்விட்டார். அந்த வண்டி முன்னால் நின்றபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

அந்த அருங்காட்சியகத்தின் மண்டபத்தில்தான் 2014 பிப்ரவரி 12 விடியற்காலையில் தரை உள்வாங்கி எட்டு கார்வெட்டுகள் குழிக்குள் விழுந்தன. நாங்கள் போனபோது பத்து வருடம் நிறைய இரண்டு நாள்தான் இருந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் யாரும் இல்லை. மூன்றைச் சீர் செய்தார்கள். அதில் ஒன்று 1992இல் வந்த பத்து லட்சமாவது கார்வெட். 1953ஐ நினைவூட்டி வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. மற்ற ஐந்தையும் நசுங்கியபடியே வைத்துவிட்டார்கள். மகள் நசுங்கிய ஒன்றன் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள். "இதை நாம சரி பண்ண முடியுமாப்பா?" என்றாள். அதன் அடிச்சட்டம் முறுக்கியிருந்த விதத்தைப் பார்த்து, முடியாது என்று சொன்னேன்.

சரி, கராஜுக்கு வருகிறேன். பிப்ரவரி 17. புதிய ரிலே வந்தது. இந்த முறை எண் எழுதிய டேப், ஒரு ஹோஸைக் கழற்றினால் அதைப் புதிதில் மாட்டிய பிறகே அடுத்தது. இருபது நிமிடத்தில் முடிந்தது. சுவிட்சை இழுத்தால் வலது விளக்கு நன்றாகக் கிளம்பி வந்து, கடைசி இரண்டு அங்குலத்தில் தயங்கியது. முழுசாக வந்தது, ஆனால் கடைசியில் தள்ளாடி வந்தது. குளிர் அதிகமான காலையில் அந்த இடத்திலேயே நின்றும்விட்டது.

இங்கே இரண்டு நாள் வீணாயிற்று. மறுபடியும் வேக்யூமில்தான் ஏதோ ஒழுகுகிறது என்று கோல்ஃப் குச்சிகளோடு எல்லாக் கிளையையும் திரும்ப அளந்தேன். எங்கும் ஒழுக்கு இல்லை. தொட்டியில் 17 ஏற்றி அரை மணி நேரம் விட்டால் 16க்குக் கீழே போகவில்லை. அப்புறம்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஆக்சுவேட்டர் தண்டைக் கழற்றிவிட்டு, வலது விளக்கைக் கையால் தூக்கி இறக்கிப் பார்த்தேன். இடதையும் அப்படியே. இடது ஒரு விரலுக்கு வந்தது. வலது, கடைசியில் கரகரவென்று எதிலோ உரசியது.

இரண்டு காரணம். விளக்குக் கூடு சுழலும் அச்சில் பழைய கிரீஸ் இறுகி, தேன்மெழுகு மாதிரி ஆகியிருந்தது. இது சுலபம். கிளீனர் அடித்து, பழைய பல்தேய்க்கும் பிரஷால் சுரண்டி, துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் வைத்தேன். கிளீனரும் கிரீஸும் சேர்த்து 12 டாலர். இரண்டாவது, இந்த வண்டியின் வலது மூக்கு எப்போதோ எதிலோ இடித்திருக்கிறது. உள்பக்கம் ஃபைபர்கிளாஸில் ஒட்டுப்போட்ட தடம் கைக்குத் தட்டுப்பட்டது. அந்தப் பக்கம் கூட்டைத் தாங்கும் பிராக்கெட் கொஞ்சம் வளைந்து, கூட்டின் வெளி விளிம்பு உடலின் விளிம்பில் உரசியது. காகிதம் ஒன்றை மடித்து இடைவெளியில் விட்டுப் பார்த்தேன். இடது பக்கம் சுற்றிலும் அரைக்கால் அங்குல இடைவெளி. வலது பக்கம் வெளி மூலையில் ஒற்றைக் காகிதம்கூட நுழையவில்லை.

பிராக்கெட்டை நிமிர்த்த நான் துணியவில்லை. உலோக வண்டியில் தட்டி நிமிர்த்தலாம், ஃபைபர்கிளாஸில் பக்கத்தில் தட்டினால் நட்சத்திரமாக விரிசல் விழும். அதனால் பிராக்கெட்டின் அடியில் இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகள் வைத்துக் கூட்டை உள்பக்கம் சாய்த்தேன். தகடு 6 டாலர். முதலில் ஒன்று வைத்துப் பார்த்தேன், போதவில்லை. மூன்று வைத்தால் மூடும்போது விளக்கு மூடி மூக்குக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு வைத்ததும் சரியாக உட்கார்ந்தது. போல்ட்டை முறுக்கும்போது கை பாரம் போடாமல், சின்ன ராட்செட்டால் பிடிமானம் வரும் வரை மட்டும் முறுக்கினேன். அது மார்ச் 9 மதியம். மாலையில் நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

செலவுக் கணக்கு: ஆக்சுவேட்டர் 92, பம்ப் 46, கோல்ஃப் குச்சி 4, வால்வு 9, ஹோஸ் 68, ரிலே 38, கிளீனர் கிரீஸ் 12, தகடு 6. மொத்தம் 275 டாலர். இதில் 92 தேவையில்லாதது. நேரம் கிட்டத்தட்ட 21 மணி. தெரிந்து செய்திருந்தால் ஏழெட்டு மணியில் முடிந்திருக்கும்.

மறுபடி இதே வேலை வந்தால் முதலில் தண்டைக் கழற்றிவிட்டுக் கையால் அசைத்துப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை, வேக்யூமா இரும்பா என்று உடனே பிரித்துச் சொல்லிவிடும். அடுத்து பம்ப், பிறகு ஒருவழி வால்வு. எதையும் வாங்குவது இவற்றுக்குப் பிறகுதான். ஹோஸை ஒவ்வொன்றாக மாற்றுவேன், மகள் சொன்னபடி டேப் ஒட்டி. வேக்யூமை எடுத்துவிட்டு மின்மோட்டார் பொருத்தும் தொகுப்பு ஒன்று விற்கிறார்கள், அதைப் போட்டுவிடு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. அந்த உஸ் என்ற சத்தம் இந்தத் தலைமுறைக்கு மட்டும் உரியது. அது இல்லாமல் இந்த வண்டி எனக்கு வேண்டாம்.

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கை மூடி, இஞ்சினை அணைத்து, மீட்டரைத் தொட்டியில் மாட்டிவிட்டுப் படுத்தேன். காலை எட்டுக்குப் பார்த்தபோது 17 இருந்தது 11இல் நின்றது. சாவியைத் தொடாமல் சுவிட்சை இழுத்தேன். நேற்று சேர்த்துவைத்த மூச்சிலேயே இரண்டு விளக்கும் மெதுவாக எழுந்தன, இடது அரை நொடி முன்னால்.